விலை போட்டது

சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துக்கு வேறொரு வாடை வந்துவிடும். சுண்ணாம்பு, சத்துணவுக் கூடத்துப் பழைய சாம்பார், சன்னல் கம்பியின் துரு எல்லாம் கலந்த வாடை. பிள்ளைகள் இருக்கிற நாளில் அது தெரியாது. கோணாம்பட்டி தொடக்கப்பள்ளியில் இருபத்து மூன்று வருஷமாக நாலாம் வகுப்புக்கும் அஞ்சாம் வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் எடுத்துவரும் தவசிலிங்கம் வாத்தியார், விடுமுறை நாளில் தனியாக வந்து பூட்டைத் திறந்து, இரண்டு பெஞ்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கி, மேலே செய்தித்தாளை விரித்துக் கடை போட்டுக்கொண்டிருந்தார். நிஜக் கடை இல்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த காலிப் பொட்டலங்கள்தான் சரக்கு. தேயிலைத் தூள் உறை, சோப்பு உறை, சீயக்காய்ப் பொட்டலம், பெருங்காய டப்பா, கொசுவத்தி அட்டை, கழுவிக் காயவைத்த பால் கவர். ஒவ்வொன்றின் வயிற்றிலும் பழைய தாளைக் கசக்கித் திணித்து, ஆடிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்க ஒரு கூழாங்கல்லையும் போட்டு, வாயை ஒட்டி நிமிர்த்தி வைத்தால் புதுச் சாமான் மாதிரி நிற்கும். விலை அச்சடித்த பக்கம் முன்னால் தெரிய வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். பிள்ளைகள் காகித ரூபாயைக் கொண்டுவந்து வாங்குவார்கள், விற்பார்கள், மீதிச் சில்லறை கொடுப்பார்கள், சண்டை போடுவார்கள். செவ்வாய்க்கிழமை கல்வி அலுவலர் வருகிறார். "ஸார், நான் அவருக்கு உங்க கடையத்தான் காட்டப்போறேன், நம்மகிட்ட வேற என்ன இருக்கு காட்ட," என்று தலைமையாசிரியை ஜெசிந்தா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த மே மாதத்தோடு வாத்தியாருக்கு ஓய்வு. இது எத்தனையாவது கடை என்று அவருக்கே ஞாபகம் இல்லை. குனிந்தால் முழங்கால் பிடிக்கிறது, நிமிர்ந்தால் இடுப்பு பிடிக்கிறது, பசை காய்வதற்குள் கண் சொருகுகிறது.

மேலிடத்திலிருந்து ஒரு பெட்டி வந்திருந்தது. பிளாஸ்டிக் நாணயம், வழவழப்பான ரூபாய்த் தாள், படம் போட்ட அட்டைகள். அட்டைகளில் ஒன்றில் பிட்சா, ஒன்றில் ஸ்ட்ராபெரி, ஒன்றில் பொம்மைக் கார். அதை அவர் பிரித்துப் பார்த்துவிட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனால் ஜீப்புக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று தெரியும். நேற்றைக்கு ஏலக்காய் கிலோ என்ன விலைக்குப் போனது என்று தெரியும். ஒரு ரூபாய் ஷாம்புவை ரெண்டாகக் கிழித்து ரெண்டு பேர் குளிப்பது தெரியும். ஸ்ட்ராபெரி எதற்கு. வீட்டில் தீர்ந்துபோன பொட்டலம் எதுவானாலும் கொண்டுவாருங்கள் என்று சொன்னார். சொன்னபோது அது எவ்வளவு லேசான காரியமாகத் தோன்றியது. இப்போது ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கும்போதுதான், அடடா, ஒவ்வொரு வீட்டின் அடுப்படிக்குள்ளும் கேட்காமல் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கிறது. இந்தப் பையன் வீட்டில் எண்ணெய் ஐம்பது மில்லி பொட்டலம்தான், பாட்டில் வாங்குவதில்லை. இவன் பொய் சொல்லியிருக்கிறான், இந்தப் பெரிய பிஸ்கட் உறை பஸ் நிறுத்தத்தில் பொறுக்கியது, ஓரத்தில் சக்கரம் ஏறிய தடம் இருக்கிறது. இருக்கட்டும், நிற்கட்டும், அதுவும் சரக்குதான். இவள் வீட்டில் வயிற்றெரிச்சல் மருந்து மூன்று பாட்டில். இவள் அப்பா குடியை விட்டபாடில்லை. தெரிந்து என்ன செய்யப் போகிறோம். தெரிந்துகொள்வதில்தான் எத்தனை அலுப்பு. அவர் தாளைக் கசக்கினார், திணித்தார், கல் போட்டார், ஒட்டினார், அட்டைப் பெட்டிக்குள் மறுபடி கையை விட்டார், கையில் அந்த மாத்திரை அட்டை வந்தது.

பெயரைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி நெற்றியில்தான் கிடந்தது, கீழே இறக்கவில்லை. ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, பத்துக் குழி. பத்தும் காலி. பின்பக்கத் தகடு அமுக்கி அமுக்கிக் கிழிந்து, ஓரத்தில் மட்டும் எழுத்து முழுசாக நின்றது. வெளிர் ஆரஞ்சு நிறத்தில் நீள மாத்திரை இருந்திருக்கும். காலையில் சாப்பிட்டு முடித்து மூன்று, ராத்திரி சாப்பிட்டு முடித்து மூன்று, பதினாலு நாள். அப்புறம் ஏழு நாள் சும்மா. அப்புறம் மறுபடி. யார் வீட்டில்? பெட்டிக்குள் எல்லோரும் தங்கள் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். இதில் ஒட்டியிருந்தது: சுபிதா, நாலாம் வகுப்பு. ஜீப் ஓட்டுகிற ஈஸ்வரன் மகள். அப்படியானால் அவள் அம்மா முத்துப்பேச்சிக்கா. நேற்று சாயங்காலம் கடைசி மணி அடித்த பிறகு சுபிதா ஓடிவந்து பெட்டிக்குள் எதையோ போட்டுவிட்டு, "ஸார், என்னுதுதான் ஸார் கடையிலயே பெரிய வெல. நான் எல்லாருதையும் பாத்துட்டேன்," என்றாள். அவர் வருகைப் பதிவேட்டில் தலையைக் குனிந்தபடி "சபாஷ்" என்றார். சபாஷ். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின வாரமும் அவள் ஒரு மாத்திரை அட்டை கொண்டுவந்தாள், அது இப்போது ஞாபகம் வருகிறது, அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுக்கிற அட்டை. ‘விற்பனைக்கு அல்ல’ என்று போட்டிருந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். இதுக்கு வெலையே இல்ல, இது ஃப்ரீ, இதக் கடையில வைக்க முடியாது. அவரும் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். "விலை போட்டது கொண்டு வாம்மா." அவரேதான் சொன்னார். அவள் போய்த் தேடி, விலை போட்டதைக் கொண்டுவந்துவிட்டாள். ஆயிரத்து நூற்றிருபது.

அந்த எண்ணை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மனைவி பவுனுத்தாய்க்கு வாங்கும்போது ஆயிரத்துச் சொச்சம்தான், நாலு வருஷத்தில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. எண்ணைப் பார்த்தால் கணக்கு தானாக ஓடும், அது அவர் செய்த பாவம். மாட்டுக்குக் கயிறு போட்ட மாதிரி முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுப் போட்டு, எதைப் பார்த்தாலும் பெருக்கி வகுத்துவிடுகிற மனசு. பவுனு கட்டிலில் படுத்திருக்கும்போது அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் நிஜமாகவே நாளைக்கு இவ்வளவு, மாசத்துக்கு இவ்வளவு என்று ஓட்டிக்கொண்டிருப்பார். வேண்டும் என்று இல்லை, நாக்கு பல்லிடுக்கைத் தேடிப்போவது மாதிரி. அவள் கண்ணை மூடியபடியே, "என்ன கணக்கு ஓடுது?" என்பாள். "ஒண்ணுமில்ல, நாளைக்குப் பாடம்." அவளுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. வாத்தியார் பெண்டாட்டிக்கு எழுத்துத் தெரியாது என்பது ஊரில் ஒரு கேலி. சொல்லிக்கொடுக்க அவருக்கு முப்பது வருஷமும் நேரம் வாய்க்கவில்லை. ஆனால் எண் தெரியும். சந்தையில் நாலு கடை ஏறி இறங்கி எட்டணா குறைத்துக் கருணைக்கிழங்கு வாங்குகிறவளுக்கு எண் தெரியாமல் இருக்குமா. அதனால்தான் கத்தரிக்கோல். மருந்துக் கடையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக வாசல் பக்கம் நின்று அட்டையின் ஓரத்தை, விலை போட்டிருக்கிற அந்த ஓரத்தை மட்டும், வெட்டிச் சாக்கடையில் போட்டுவிடுவார். உள்ளே போய், "அறுபது ரூவாதான், நம்ம ஆஸ்பத்திரிச் சலுகையில குடுக்கிறாங்க," என்பார். சம்பளம் வாங்குகிற வாத்தியார், வாங்க முடியாமல் இல்லை. அவளுக்குத் தெரிந்தால் வேண்டாம் என்பாள், அதுதான் பயம். பதினோரு மாசம் அப்படி வெட்டினார். ஒருநாள் சட்டைப் பையிலிருந்த ரசீது நனையாமல் மேசை மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது, மேலே தண்ணீர்ச் செம்பைப் பாரமாக வைத்திருந்தாள். துவைக்கும்போது எடுத்திருக்கிறாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார், ரசீதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்குப் பேசியிருக்கலாம். அன்றைக்கு மட்டும் வாயைத் திறந்து, ஆமா, பொய்தான் சொன்னேன், என்று சொல்லியிருந்தால் அப்புறம் அந்த அடுப்படி அலமாரியில், வேண்டாம், அலமாரிக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு முறையும் மனசு அடுப்படி வரைக்கும் போகும், அலமாரியின் இரண்டாவது தட்டு வரைக்கும் போகும், அங்கிருந்து சூடுபட்ட மாதிரித் திரும்பிவிடும்.

காற்று சன்னல் கதவை ஒருமுறை அடித்தது. கல் போடாத ஒரு சோப்பு உறை பறந்து கரும்பலகைக்குக் கீழே போய் விழுந்தது. அவர் எடுக்கப் போகவில்லை. மதியத்துக்குக் கொண்டுவந்த தயிர்ச்சோற்று டப்பா திறக்காமல் மேசையில் இருந்தது. தயிர்ச்சோறு என்றால் பவுனுவின் கை. கடைசியில் அவளால் கையால் பிசைய முடியாது, உள்ளங்கை சிவந்து தோல் உரிந்து, காரம் பட்டால் துடித்துப்போவாள். பிசைந்து ஸ்பூனில் ஊட்டுவார். சுபிதா ஒருநாள் சத்துணவு வரிசையில் நின்றுகொண்டு யாரிடமோ சொன்னாளே, எங்கம்மாக்குக் கை உரியுது, நான்தான் மொளகாய் கிள்ளுவேன் என்று. கேட்டார். கேட்டும், ஏலக்காய்க்கு அடிக்கிற மருந்து பட்டிருக்கும், தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வரிசையை நேராக்கப் போய்விட்டார். ஈஸ்வரனையும் பார்த்தார். ஒரு மாசம் இருக்கும், தேனியில் ஒரு மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து மடியில் எதையோ வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். பட்டாணிக்கடலை தின்கிறான் என்று நினைத்தார். கூப்பிட்டால் நிமிர்ந்து வெட்கப்பட்ட மாதிரிச் சிரித்தான். மாத்திரையை ஒவ்வொன்றாக அட்டையிலிருந்து பிதுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அட்டை வீட்டுக்குப் போகக் கூடாது. என்னைவிடக் கெட்டிக்காரன், கத்தரிக்கோல்கூட வேண்டியதில்லை. உலகத்தில் எத்தனை ஆண்கள் இப்படி மருந்துக் கடை வாசலில் நின்று விலையைத் தின்று முழுங்கிவிட்டு வீட்டுக்குப் போகிறார்களோ. இனி என்ன செய்வது. இதைக் கடையில் வைப்பதா. திங்கட்கிழமை காலையில் அவள் முதலில் இதைத்தான் தேடுவாள். வைத்தால் நாற்பது பிள்ளைகளும் படிப்பார்கள், முத்துப்பேச்சி மாத்திரைக்கு ஆயிரத்து நூற்றிருபது என்று சாயங்காலத்துக்குள் ஊரே பாடும். வைக்காவிட்டால், ஏன் ஸார் என்பாள். ஈஸ்வரனிடம் போய்ச் சொல்வதா. என்ன சொல்வது, உன் பெண்டாட்டிக்கு என்ன என்று எனக்குத் தெரியும் என்றா. பவுனு போன அஞ்சாம் நாள் பிரிக்காத நாலு அட்டையை அதே கடையில் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் எண்ணி நோட்டாகக் கொடுத்தார். அந்தப் பணத்தை எந்தப் பையில் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்து, ஓட்டலில் ஏறி, பசி தாங்காமல் பிரியாணி சாப்பிட்டார். ருசியாக இருந்தது. அதுதான் இன்றைக்கு வரைக்கும், ருசியாக இருந்தது என்பதுதான்.

"ஸார்."

வாசலில் முத்துப்பேச்சி நின்றாள். தலையில் துண்டைச் சுற்றிக் காதை மூடியிருந்தாள், காலில் சாக்ஸ் போட்டு மேலே செருப்பு. அவள் இதே வகுப்பில் படித்தவள்தான். எட்டாவதோடு நின்று காய் எடுக்கப் போனாள், அப்புறம் ஈஸ்வரனைக் கட்டிக்கொண்டாள். மனக்கணக்கில் அவளை ஜெயிக்க அந்த வருஷம் ஆள் இல்லை. வாத்தியாருக்குக் கையிலிருந்ததை எங்கே மறைப்பது என்று தெரியவில்லை. மறைக்க நேரமும் இல்லை, அவள் பார்வை நேரே அதற்குத்தான் வந்தது.

"அதத்தான் ஸார் வாங்கிட்டுப் போக வந்தேன். வீட்டுச் சன்னல்லருந்து பாத்தேன், பள்ளிக்கூடம் தொறந்துருந்துச்சு. இந்தக் கழுதை சுபி அவுக அப்பா ஜீப்ல சீட்டுக்கு அடியில கெடந்துச்சுன்னு எடுத்தாந்துருக்கா. அவரு பாக்குறதுக்குள்ள இருந்த எடத்துல வச்சிரணும்."

"உக்காரு பேச்சி. நடந்து வந்திருக்க. கால் எரியலையா?"

அவள் உட்காரவில்லை. கால் எரிவது அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்ட மாதிரித் தலையை ஆட்டினாள். டீச்சரம்மாவுக்கும் இதான ஸார், என்றாள். பவுனுத்தாயை ஊரில் எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆமா, என்றார். எனக்குக் குடல்ல கட்டி ஸார், வெட்டி எடுத்துட்டாங்க, இனி இந்த மாத்திரைதான், எட்டு தடவை போடணும்னாங்க, அஞ்சு முடிஞ்சிருச்சு, என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். முன்னாடி பெரியாஸ்பத்திரியில சும்மா குடுத்தாங்க, இப்ப ரெண்டு தடவையா வெளியில வாங்கச் சொல்லிட்டாங்களாம், அவருதான் வாங்கியாராரு. பிறகு பெஞ்சின் மேலிருந்த கடையைப் பார்த்தாள். சீயக்காய்ப் பொட்டலத்தைத் தொட்டு நேராக்கினாள். அவள் விரல் நுனியெல்லாம் பிஞ்சுக் கத்தரிக்காய் தோல் உரித்த மாதிரி இருந்தது.

"ஸார், ஒண்ணு கேக்கணும். நேத்து ராத்திரி சோறு போடும்போது சுபி சொல்றா, அம்மா, நான் கொண்டுபோனதுதான் பெரிய வெல, ஆயிரத்து நூத்தி இருவதுன்னு. அவரு வெளியில கை கழுவிக்கிட்டிருந்தாரு, கேக்கல. என்கிட்ட அவரு சொன்னது நாப்பது ரூவா. அதுல போட்டுருக்கது ஒரு அட்டைக்கா? இல்ல, பெட்டிக்கு மொத்தமா போட்டுருக்கா? ஒருவேளை புள்ள தப்பாப் படிச்சிட்டாளான்னு..."

புள்ள தப்பாப் படிக்கவில்லை. ஆயிரத்துக்கு மேல் எண்களைப் படிக்க ஜூன் மாசம் முழுக்க அவர்தான் பழக்கியிருந்தார். ஒரு வார்த்தை போதும் இப்போது. அச்சில் தப்பு என்று சொல்லலாம். அது பெட்டி விலை என்று சொல்லலாம். போட்டிருக்கிற விலைக்கு யாரும் விற்பதில்லை, ஏழைகளுக்கு நாற்பதுதான் என்று சொல்லலாம். நாக்கில் எல்லாமே தயாராக இருந்தன, பதினோரு மாசம் பழகிய நாக்கு. அவளும் அதைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று பட்டது, முகத்தில் அப்படி ஒரு கெஞ்சல் இருந்தது. சொல்லிவிட்டால் அவள் அட்டையை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவாள். பிறகு நாளைக்கோ அடுத்த வாரமோ, எங்காவது ஒரு ரசீது கிடைக்கும். கேட்க மாட்டாள். அவளும் ஒன்றும் கேட்க மாட்டாள்.

"அட்டைக்குத்தான்," என்றார். "பத்து மாத்திரை உள்ள ஒரு அட்டைக்கு."

முத்துப்பேச்சி பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் உதடு அசைந்தது. இருபது வருஷத்துக்கு முன் பார்த்த அதே அசைவு, தலை லேசாக இடது பக்கம் சாய்ந்து, கண் மேலே போய்.

"ஒண்ணு நூத்திப் பன்னண்டு. காய் எடுக்கப் போனா நாளுக்கு நானூத்தம்பது. நாள் கூலிக்கு நாலு மாத்திர, ரெண்டு ரூவா மிச்சம். நான் ஆறு முழுங்குறேன் ஸார்." கண் இன்னும் மேலேயே இருந்தது. "ஒரு தடவைக்கு எம்பத்தி நாலு. ஒம்பதாயிரத்து நானூத்தி எட்டு. இன்னும் மூணு தடவை..."

"போதும் பேச்சி. கணக்க நிப்பாட்டு."

"இருவத்தெட்டாயிரத்து எறநூத்தி இருவத்தி நாலு," என்று அவள் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "ஜீப்புக்கு டியூ கட்டிக்கிட்டே இத எங்கிட்டுருந்து எடுக்கிறாரு? ஒண்ணர மாசமா அவரு மதியம் சாப்புடுறது இல்ல, பசிக்கலன்னு சொல்றாரு. அதுல கொஞ்சம், இதுல கொஞ்சம். ஸார், காலையில மூணுக்கு ரெண்டு போட்டா என்ன ஆயிரும்? கட்டிதான் எடுத்தாச்சுல்ல."

அப்போதுதான் அவர் மனசு அடுப்படிக்குப் போனது. இந்தத் தடவை திரும்பி வரவில்லை. அலமாரியின் இரண்டாவது தட்டு. அவர் வாய் அவரைக் கேட்காமல் பேசிக்கொண்டே போனது. டீச்சரம்மா செத்துப் பதினாறு முடிந்த பிறகு, சொந்தக்காரர்கள் எல்லோரும் போன பிறகு, நான் முதன்முதலாக ரசம் வைக்கப் போனேன் பேச்சி. சீரக டப்பாவைத் திறந்தேன். சீரகம் மேலாக ஒரு விரக்கடைதான் இருந்தது. கீழே ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால் மாத்திரை. ரசீதைப் பார்த்த நாளிலிருந்து என் கண் முன்னால் வாயில் போட்டுக்கொள்வாள், தண்ணீர் குடிப்பாள், கன்னத்தில் ஒதுக்கி வைத்து ஒன்றைத் துப்பி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள், கடையில் திருப்பிக் கொடுத்தால் காசாகும் என்று. ஈரம் பட்ட மாத்திரையை யார் வாங்குவான். அதுகூட அவளுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் மனசு வரவில்லை. நான் அடுப்பு எரிய எரிய உட்கார்ந்து எண்ணினேன். ரசத்துக்கு வைத்த புளித்தண்ணி வற்றிப்போனது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மகளிடம்கூட.

"எத்தன இருந்துச்சு ஸார்?"

"எழுபத்திமூணு."

காற்று ஓய்ந்திருந்தது. கரும்பலகைக்குக் கீழே கிடந்த சோப்பு உறை அசையாமல் கிடந்தது. "அத முழுங்கிருந்தா டீச்சரம்மா இருந்துருப்பாங்களா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"தெரியாது. டாக்டர்கிட்ட நான் கேக்கல. கேட்டா அவர் ஏதாவது பதில் சொல்லிருவாரேன்னு கேக்கல." அவளை நேராகப் பார்த்தார். "ஒனக்கு அப்படி இல்ல பேச்சி. ஒனக்கு எடுத்தாச்சு, மூணே தடவை. ஒண்ணுகூட விடாத. ரெண்டாப் போடலாமா, நாளு தள்ளிப் போடலாமான்னு மனசுல ஓட்டாத."

முத்துப்பேச்சி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு, "எங்க வீட்ல சீரக டப்பா கண்ணாடி டப்பா ஸார்," என்றாள். "ஒளிச்சாலும் தெரிஞ்சிரும்." அவருக்குச் சிரிப்பு வந்தது. நாலு வருஷத்தில் அந்த டப்பாவை நினைத்துச் சிரிப்பு வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, பாட அட்டைக்கு வெட்டி வைத்திருந்த தாளில் ஒன்றை எடுத்து, தடித்த பேனாவால் அந்த மருந்தின் பெயரைத் தமிழில், பிள்ளைகளுக்கு எழுதுகிற அளவுக்குப் பெரிதாக எழுதினார். இந்தப் பெயர்தான் மருந்து, மேலே பெரிசாகப் போட்டிருப்பது கம்பெனிக்காரன் வைத்த பெயர், இதே மருந்து வேறு கம்பெனியில் பாதி விலைக்குக் கீழே கிடைக்கிறது, எனக்கே பதினோரு மாசம் கழித்துத்தான் ஒரு கம்பவுண்டர் சொன்னார், டாக்டரிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அதையே வாங்கலாம் என்றார். சொல்லிக்கொண்டே வரும்போது, இதைத்தானே முதலில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், எத்தனை வருஷம் பென்சில் விலையும் பம்பர விலையும் கூட்டச் சொல்லிக்கொடுத்தோம் என்று தோன்றியது, அந்த நினைப்பையும் தூக்கிச் சுமக்க உடம்பில் தெம்பு இல்லை.

அவள் தாளை வாங்கிப் படித்துவிட்டு, அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"நீங்களே அவருகிட்ட குடுங்க ஸார். திங்கக்கெழம காலையில ஆறரைக்கு ஜீப் ஸ்டாண்டுல நிப்பாரு. டீச்சரம்மாவுக்கு வாங்குனது ஞாபகம் வந்துச்சு, அதான் சொல்றேன்னு சொல்லுங்க. எனக்கு வெல தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம்."

"ஏன் பேச்சி? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா என்ன? நாங்க பேசாமத்தான..."

"நீங்க பேசல, டீச்சரம்மா மாத்திரையத் துப்புனாங்க. நான் துப்ப மாட்டேன். முழுசா முழுங்கிருவேன், சத்தியம். ஆனா ராத்திரி வந்து டப்பாவ ஆட்டிக்காட்டி, நாப்பது ரூவாதான்டி, நம்ம அதிர்ஷ்டம்னு சொல்லுவாரு பாருங்க. அப்ப மட்டும்தான் ஸார் இப்ப அவரு மொகம் கொஞ்சம் மொகமா இருக்கு. அதையும் நான் புடுங்கிக்கிட்டா அவருகிட்ட என்ன இருக்கு?"

இது சரியா தப்பா என்று திருத்தப் பேனா இல்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆறரைக்கு ஜீப் ஸ்டாண்டு. ஒரு ஆணிடம் போய் மருந்து விலையைப் பேச வேண்டும். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். நினைக்கவே தோள் வலித்தது, ஆனாலும் போவார், போகத்தான் போகிறார் என்று தெரிந்தது. அட்டையை அவளிடம் கொடுத்தார். அவள் இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, வாசல் வரை போய் நின்றாள்.

"திங்கக்கெழம சுபி வந்து தேடுவாளே ஸார். காணும்னா அழுவா. என்ன சொல்லுவீங்க?"

"வித்துப்போச்சுன்னு சொல்றேன். கடைன்னா சாமான் விக்கத்தான செய்யும்."

"அப்ப காசு எங்கம்பா," என்று முத்துப்பேச்சி சொன்னாள். "விட மாட்டா. என்னயப் போலதான்." போயிட்டு வாரேன் ஸார் என்று துண்டைக் காதோடு இழுத்துவிட்டுக்கொண்டு, சூட்டுத் தரையில் நடப்பவள் போல ஒவ்வொரு காலாக வைத்து வெளி வாசலைத் தாண்டிப் போனாள்.

வாத்தியார் கதவில் சாய்ந்து அவள் தெருமுனை திரும்புகிறவரைக்கும் நின்றார். வீட்டுக்குப் போகிற மூன்றே முக்கால் பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அதை விட்டால் அஞ்சரைக்குத்தான். உள்ளே வந்து, காகிதப் பணம் வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தார். பத்தும் இருபதும்தான் கட்டுக் கட்டாக இருந்தன. நூறு ரூபாய்த் தாள் அவர் செய்யவே இல்லை. இவ்வளவு பெரிய சரக்கு இந்தக் கடைக்கு வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும். இருபதாகக் கொடுத்தால் ஐம்பத்தாறு தாள், நாலாம் வகுப்புப் பிள்ளையின் கைக்குள் அடங்காது, கீழே விழும், காற்று கொண்டுபோகும். ஊதா நிறத் தாளைத் தேடி எடுத்தார். அளவுகோலை வைத்துக் கோடு கிழித்தார். கண்ணாடியைக் கீழே இறக்கி, கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டி, நாலு மூலையிலும் நூறு என்று எழுதத் தொடங்கினார். எழுத எழுதக் கண் மங்கியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினார். தெருமுனையில் பஸ் வந்து ஆரன் அடித்தது, ஆள் இல்லை என்று கண்டு கிளம்பியும் போனது. பதினொரு நூறும் ஓர் இருபதும் வேண்டும். ஆறு தாள் முடிந்திருந்தது.